முதல் பந்தியா, இரண்டாம் பந்தியா?



"பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து" என்பது நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்த பழமொழி. ஆனால் அதைப் பெண்பிள்ளைகளைப் பார்த்து யாரும் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. பந்திக்கு முந்த வேண்டியவர்கள் ஆண்கள், பிள்ளைகள், விருந்தாளிகள். பரிமாறுகிறவள் கடைசி. படையைப் பொறுத்தவரை முந்தவோ பிந்தவோ எங்களுக்கு வழியே இருக்கவில்லை. அது வீட்டு வாசலுக்கே வந்தது.

இந்த மாதம் பந்தியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். கலியாண வீட்டுப் பந்தி அல்ல, கப்பல் பந்தி. சிரிக்க வேண்டாம். பம்பலப்பிட்டியில் உள்ள எமது அலுவலகத்திற்கு விசாப் படிவம் நிரப்ப வரும் தாய்மாரில் சிலர் அண்மைக் காலமாக இப்படியொரு கேள்வியோடும் வருகிறார்கள். கனடாவிலோ இங்கிலாந்திலோ இருக்கும் மகளோ மகனோ அம்மாவை வரவழைக்கிறார்கள். குடும்பமாக ஒரு கிழமை உல்லாசக் கப்பலில் போக ஒழுங்கு செய்கிறார்கள். பிறகு தொலைபேசியில் கேட்கிறார்கள்: "அம்மா, இரவுச் சாப்பாடு ஆறு மணிப் பந்தியோ, எட்டரை மணிப் பந்தியோ? ஒண்டைச் சொல்லுங்கோ."

எமது தாய்மாருக்குக் கப்பல் என்றதும் உல்லாசம் நினைவுக்கு வருவதில்லை. 1983 ஜூலைக் கலவரத்தின்போது பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாமாக இருந்தது. அப்படியான முகாம்களிலிருந்து கப்பல்களில் ஏற்றப்பட்டு காங்கேசன்துறையில் இறங்கியவர்கள் 'லங்கா கல்யாணி' என்ற பெயரை இன்னும் மறக்கவில்லை. 2009 பெப்ரவரியிலிருந்து சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தின் ஏற்பாட்டில் 'கிரீன் ஓஷன்' கப்பல் புதுமாத்தளன் கரையிலிருந்து காயப்பட்டவர்களையும் நோயாளர்களையும் திருகோணமலைக்கும், பின்னர் புல்மோட்டைக்கும் கொண்டு சென்றது. அந்தக் கப்பல்களில் எத்தனை மணிக்குச் சாப்பாடு வேண்டும் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. கிடைத்ததைச் சாப்பிட்டார்கள். 2023 ஜூனில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'எம்பிரஸ்' என்ற உல்லாசக் கப்பல் அதே காங்கேசன்துறைக்கு வந்தது. அதே கடலில் இப்போது வேறு விதமான பிரயாணமும் நடக்கிறது. அதில் எமது பெண்களும் ஏறுகிறார்கள் என்பது நல்ல செய்திதான்.

சரி, இந்த இரண்டு பந்தி எதற்கு? பெரிய கப்பல்களில் ஆயிரக்கணக்கானோர் பயணம் செய்கிறார்கள். பிரதான சாப்பாட்டு மண்டபத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் இருக்க இடம் போதாது. ஆகவே கலியாண வீட்டில் செய்வது போலவே ஒரு பந்தி எழும்பியதும் மேசையைத் துடைத்து அடுத்த பந்தியை இருத்துகிறார்கள். 'குயின் மேரி 2' கப்பலில் முதல் பந்தி மாலை 6 மணிக்கு, இரண்டாவது இரவு 8.30க்கு. மற்றக் கப்பல்களில் அரை மணித்தியாலம் முன்பின்னாக இருக்கும். பயணம் முழுவதும் ஒரே மேசை, அநேகமாக ஒரே பரிமாறுபவர்கள். நேரம் குறிக்காமல் விரும்பிய நேரம் போய்ச் சாப்பிடும் முறையும் உண்டு. நோர்வீஜியன் நிறுவனம் 2000ஆம் ஆண்டளவில் அதைத் தனது வழக்கமாக்கியது. இப்போது வேறு நிறுவனங்களும் இரண்டு முறைகளையும் வைத்திருக்கின்றன.

கிளிநொச்சியிலிருந்து வந்து வெள்ளவத்தையில் தங்கையின் வீட்டில் தங்கியிருந்த ஓர் அம்மாவிடம் ரொறன்ரோவிலுள்ள மகள் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தாள். அம்மாவுக்கு அறுபத்துமூன்று வயது. "எனக்கு எந்த நேரமெண்டாலும் சரி பிள்ளை, அவையளுக்கு எது வசதியோ அதைப் போடச் சொல்லுங்கோ" என்றார். எது வசதி என்று நான் கேட்கவில்லை. "அம்மா, நேற்றுப் பின்னேரம் உங்களுக்கு எத்தனை மணிக்குப் பசிச்சது?" என்று கேட்டேன்.

அவர் நெடுநேரம் யோசித்தார். பிறகு சொன்னார்: "ஆறு மணிக்கெல்லாம் பசிக்கும். கடைசிச் சண்டைக் காலத்தில இருட்ட முன்னம் சமைச்சுச் சாப்பிட்டிடுவம். இருட்டினாப் பிறகு நெருப்பு மூட்டப் பயம், வெளிச்சம் தெரிஞ்சிடும். அந்தப் பழக்கம் இன்னும் போகேல்லை. ஆனா தங்கச்சி வீட்டில நாடகம் முடிஞ்சு ஒம்பது மணிக்குத்தான் சாப்பாடு. நானும் அவையளோட பாத்துக்கொண்டிருப்பன்."

பதினைந்து வருடங்களுக்கு மேலாக அவருக்கு ஆறு மணிக்குப் பசிக்கிறது. அதை அவர் ஒருவரிடமும் சொன்னதில்லை, ஒருவரும் கேட்டதும் இல்லை. அவருக்கு நீரிழிவும் உண்டு. சாப்பாட்டோடு சேர்த்து எடுக்கும் இன்சுலினுக்கும் சில குளிசைகளுக்கும் பிறகு சாப்பாடு பிந்தினால் இரத்தத்தில் சீனி குறைந்து வியர்வை, நடுக்கம், மயக்கம் வரலாம். இரவில் நித்திரைக்கென்று வைத்தியர் கொடுத்த குளிசையும் எடுக்கிறார். எட்டரைக்குத் தொடங்கும் பந்தி முடியப் பத்து மணி தாண்டும். அவருக்கு முதல் பந்திதான் பொருத்தம் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. ஆனால் அதை நான் சொல்வதிலும் பார்க்க அவர் தன் வாயால் மகளுக்குச் சொல்வதுதான் முக்கியம். அங்கேயே இருந்து தொலைபேசி எடுத்தார். "எனக்கு ஆறு மணி" என்றார். அவ்வளவுதான். ஆனால் அந்த மூன்று சொற்களைச் சொல்ல அவருக்கு இரண்டு நாள் எடுத்தது.

உடனே எல்லோருக்கும் ஆறு மணிதான் சரி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கொட்டாஞ்சேனையில் இருக்கும் இன்னொரு சகோதரி, கணவரை இழந்த பிறகு வெளிநாட்டில் வீட்டுப் பணிப்பெண்ணாக உழைத்துப் பிள்ளைகளை ஆளாக்கியவர், மகனோடு இங்கிலாந்திலிருந்து கப்பலில் போனார். அவர் கேட்டு எடுத்தது எட்டரை மணி. "பின்னேரம் ஆறு மணி எண்டால் நான் எப்பவும் அடுப்படியிலதான் நிண்டிருக்கிறன். அந்த நேரத்தில ஒரு நாளாவது சும்மா இருந்து பொழுது படுறதைப் பாக்கவேணும்" என்றார். அவருக்கு வருத்தம் எதுவும் இல்லை, பின்னேரம் தேத்தண்ணியும் சிற்றுண்டியும் கப்பலிலேயே கிடைக்கும். ஆகவே பிந்திச் சாப்பிடுவதில் குறை இல்லை. ஒருத்தி முந்தினாள், ஒருத்தி பிந்தினாள். இருவரும் தங்கள் உடம்பையும் மனதையும் கேட்டுத் தீர்மானித்தார்கள்.

உங்களில் யாருக்கும் இப்படி ஒரு வாய்ப்பு வந்தால், அல்லது உங்கள் தாய்க்கு வந்தால், யோசிக்க வேண்டிய சில விடயங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, மருந்து. கிளினிக் கொப்பியை எடுத்துப் பார்த்து எந்த மருந்து சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று தெரிந்துகொள்ளுங்கள். சந்தேகம் என்றால் புறப்படுமுன் வைத்தியரிடம் நேரத்தைச் சொல்லிக் கேளுங்கள். நெஞ்செரிவு உள்ளவர்கள் சாப்பிட்டு இரண்டு மூன்று மணித்தியாலம் கழித்தே படுக்க வேண்டும். பிந்திய பந்தி அவர்களுக்குக் கஷ்டம்.

இரண்டாவது, பகல் பொழுது. கப்பல் துறைமுகத்தில் நிற்கும் நாட்களில் ஊர் பார்த்து ஐந்து மணிக்குத் திரும்பி வந்தால் ஆறு மணிப் பந்திக்கு ஓட வேண்டும். செயற்கைக் கால் போட்டிருப்பவர்களுக்கும் முழங்கால் வருத்தம் உள்ளவர்களுக்கும் இது பெரிய அவதி. அவர்கள் மின்தூக்கிக்கும் வாசலுக்கும் கிட்டிய மேசையை முன்கூட்டியே கேட்கலாம். அது சலுகை அல்ல, கேட்க வேண்டிய விடயம்.

மூன்றாவது, மொழி. ஆங்கிலம் தெரியாதவர்களுக்கு நேரம் குறித்த பந்திதான் நல்லது என்பது என் அபிப்பிராயம். ஒரே பரிமாறுபவர் வருவதால், மாட்டிறைச்சி சாப்பிட மாட்டீர்கள், வெள்ளிக்கிழமை மரக்கறி என்று இரண்டு நாளில் அவருக்கே தெரிந்துவிடும். மரக்கறிச் சாப்பாடு வேண்டும் என்பதைப் பதிவு செய்யும்போதே பிள்ளைகளைக் கொண்டு எழுதிவிடுங்கள்.

நான்காவது, எங்களுக்கே உரிய ஒன்று. கப்பல் புறப்படும் நாளில், சாப்பாட்டுக்கு முன்னரே பாதுகாப்புப் பயிற்சி நடக்கும். ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியும் கேட்கும். அது ஆபத்து அல்ல, பழக்கிக் காட்டுவது. இதை முன்கூட்டியே தாயாருக்குச் சொல்லி வையுங்கள். சைரன் சத்தத்தோடு எங்களுக்குள்ள கணக்கு வேறு. திடுக்கிட்ட நெஞ்சோடு சாப்பாட்டு மேசைக்குப் போனால் ஒரு வாய் இறங்காது. சன நெரிசலில் பயம் வருபவர்கள் சுவரோரமான மேசையையும் கேட்கலாம்.

முதல் நாளில் நேரம் ஒத்துவரவில்லை என்றால் மண்டபப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். இடம் இருந்தால் மாற்றித் தருவார்கள். "ஒருக்காப் போட்டாச்சு, இனி என்ன செய்யிறது" என்று பேசாமல் இருக்க வேண்டாம்.

இங்கே பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. "அம்மா பேரப்பிள்ளையளோட முதல் பந்தியில சாப்பிடட்டும், நாங்கள் ரெண்டு பேரும் இரண்டாம் பந்திக்குப் போறம்" என்று சிலர் ஒழுங்கு செய்கிறார்கள். ஒரு நாள் இரண்டு நாள் என்றால் குற்றமில்லை. ஏழு நாளும் அப்படி என்றால், அம்மா ஒரு கையால் பேரனுக்கு ஊட்டி மறுகையால் ஆறிய சோற்றை அள்ளிப் போடுவார்; பிறகு அறையில் பிள்ளைகளோடு காவல் இருப்பார். நேரத்தைப் பார்த்தால் முதல் பந்தி. நடந்ததைப் பார்த்தால் பழைய கடைசிப் பந்திதான். ரொறன்ரோ மகளிடம் அந்த அம்மாவே கேட்டு வாங்கியது என்ன தெரியுமா? எல்லோரும் ஆறு மணிக்கு ஒரே மேசை.

நான் சமூகவியல் படித்த காலத்தில் ஜோர்ஜ் சிம்மல் என்ற ஜேர்மன் அறிஞரின் கட்டுரை ஒன்றை வாசித்தேன். 1910இல் சாப்பாட்டைப் பற்றியே எழுதியது. ஒருவர் உண்ட கவளத்தை இன்னொருவர் உண்ண முடியாது, அந்த அளவுக்குச் சாப்பாடு தனக்கே உரியது. ஆனாலும் குறித்த நேரத்தில் கூடி உண்ணும்போதுதான் மனிதர் சமூகமாகிறார்கள் என்பது அவர் கருத்து. எமது பெண்களுக்கு இந்த இரண்டுமே தவறிப் போகிறது. தனக்கென்று ஒரு பங்கும் இல்லை, கூடி இருக்கும் நேரமும் இல்லை. 2009இல் செட்டிகுளம் முகாம்களில் சமைத்த சாப்பாட்டுக்கு வரிசையில் நின்ற பெண்கள், வாங்கியதைப் பிள்ளைகளுக்குப் பகிர்ந்துவிட்டுச் சட்டியை வழித்தார்கள். அன்று அதற்கு வழி இல்லாமை காரணம். அந்த முகாம்கள் 2012இல் மூடப்பட்டுவிட்டன. அந்த வழக்கத்தை மட்டும் ஏன் வீட்டுக்குக் கொண்டு வந்தோம்?

அண்மையில் எமது மாதர் குழுக் கூட்டத்தில் எல்லோருக்கும் ஒரு துண்டுக் கடதாசி கொடுத்து, இரவு எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று எழுதச் சொன்னேன். மணியை எழுதியவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் எழுதியது ஒரே பதில்: "எல்லாரும் சாப்பிட்ட பிறகு." அப்படிச் சாப்பிடும்போது மீன் துண்டு முடிந்திருக்கும், கீரை முடிந்திருக்கும், சோறும் சொதியும் மிஞ்சியிருக்கும். எமது பெண்களில் பலருக்கு இரத்தச்சோகை இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேத்தண்ணி, சாப்பாட்டில் உள்ள கொஞ்ச இரும்புச் சத்தையும் உடம்பில் சேரவிடாது.

ஆகவே கப்பல் ஏறப்போகிறவர்களுக்கு மட்டும் அல்ல, ஏறாதவர்களுக்கும் இந்தக் கேள்வி உரியது. உலை வைக்கும்போதே உங்கள் பங்கையும் கணக்கில் எடுங்கள். கறியைப் பரிமாறுமுன் உங்களுக்கானதை ஒரு கோப்பையில் எடுத்து மூடி வையுங்கள். கிழமையில் ஒரு நாளாவது எல்லாவற்றையும் நடுவில் வைத்து, எல்லோரும் தாமே போட்டுச் சாப்பிடட்டும், நீங்களும் இருங்கள். வீட்டில் மாமியார் இருந்தால், மருமகள் இருந்தால், எத்தனை மணிக்குப் பசிக்கும் என்று அவர்களையும் கேளுங்கள்.

ஒரு தபாலட்டையில் எனக்கு எழுதுங்கள். இரவு எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள், எத்தனை மணிக்குச் சாப்பிட விருப்பம் என்று இரண்டே வரி போதும். "எல்லாரும் சாப்பிட்ட பிறகு" என்று எழுத வேண்டாம். மணியை எழுதுங்கள்.