பழைய காரும் புதிய வாரண்டியும்



சென்ற ஆண்டு ஒரு மாலைப்பொழுதில், சேரன்மகாதேவியைச் சேர்ந்த கணவனும் மனைவியும் நம்மைத் தேடி வந்தனர். கணவர் ஒரு சங்கத்தில் எழுத்தர். மனைவி வீட்டிலிருந்தே தையல் வேலை செய்பவர். கணவரின் தாயாருக்குச் சிறுநீரகம் பழுதுபட்டு, வாரம் இருமுறை டயாலிசிஸ் செய்ய வேண்டிய நிலை. பத்தமடை, மேலப்பாளையம் வழியாகப் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி வரை அம்மூதாட்டியைப் பேருந்தில் அழைத்துச் சென்று திரும்புவது பெரும்பாடு. வாடகைக் காரோ கட்டுப்படியாகவில்லை. எனவே, எடுத்த சீட்டுப் பணத்தைக் கொண்டு ஒரு செகண்ட் ஹாண்ட் கார் வாங்கத் துணிந்தனர்.

கார் எட்டு ஆண்டுகள் ஓடியது. விலை 3,10,000 ரூபாய். "இன்னும் 18,000 ரூபாய் கட்டினால் ஓராண்டு வாரண்டி உண்டு, என்ஜினே போனாலும் கவலையில்லை, நாளைக் காலைக்குள் சொல்லிவிடுங்கள்" என்று விற்பவர் கூறினாராம். கணவருக்கு அதை வாங்கிவிட வேண்டும் என்ற எண்ணம். மனைவிக்கோ ஓர் ஐயம்.

"சாமி, நல்ல வண்டி என்று சொல்லித்தானே அவர் விற்கிறார்? நல்ல வண்டி என்றால், அது கெட்டுப்போவதற்கு என்று நம்மிடமே 18,000 கேட்பது ஏன்?"

அந்த அம்மையார் பொருளியல் பயின்றவர் அல்லர். ஆயினும் அவர் கேட்டது பெரிய கேள்வி. ஜார்ஜ் அகர்லாஃப் என்னும் அமெரிக்கப் பொருளியலறிஞர் 1970-ஆம் ஆண்டில் பழைய கார்ச் சந்தையை எடுத்துக்காட்டாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். வண்டியின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் அஞ்சி, எல்லா வண்டிக்கும் குறைத்தே விலை கேட்பார். நல்ல வண்டி வைத்திருப்பவர் அவ்விலைக்கு விற்க மனமின்றி ஒதுங்கிக்கொள்வார். சந்தையில் மட்டமானவையே மிகும். இதுவே அவர் கண்ட உண்மை. 2001-இல் இவருக்கும் வேறு இருவருக்கும் பொருளியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இந்நோய்க்கு அவர் சுட்டிய மருந்துகளுள் ஒன்று உத்தரவாதம். குறை தெரிந்தவரே பொறுப்பையும் ஏற்றால், அவர் சொல்லை நம்பலாம் அல்லவா? ஆனால், விற்பவர் தம் செலவில் தரும் உத்தரவாதம் வேறு. நாம் தனி விலை கொடுத்து வாங்கும் உத்தரவாதம் வேறு. முன்னது அவர் சொல்லுக்குச் சாட்சி. பின்னது அவர் நமக்கு விற்கும் இரண்டாவது சரக்கு. எந்தச் சரக்கையும் போல அதையும் தட்டிப் பார்த்தே வாங்க வேண்டும்.

அன்று அத்தாளை மூவரும் அமர்ந்து படித்தோம். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் என்ஜின், கியர்பாக்ஸ் என்றிருந்தது. பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் விலக்குகள் இருந்தன. கிளட்ச் தட்டு, பிரேக் கட்டை, டயர், பேட்டரி, பெல்ட், ரப்பர் புஷ் முதலிய தேயும் பொருள்கள் எவையும் சேரா. வாங்கும்போதே இருந்த குறை சேராது. தண்ணீர் புகுந்ததால் வந்த பழுது சேராது. குறித்த கிலோமீட்டருக்கு ஒருமுறை, அவர்கள் சொல்லும் பணிமனையில் சர்வீஸ் செய்து ரசீது வைத்திருக்க வேண்டும். முன்அனுமதி பெறாமல் என்ஜினைப் பிரித்தால் உரிமை போயிற்று. மேலும், பொறுப்பேற்பது கார் தயாரித்த நிறுவனமும் அன்று, விற்பவரும் அன்று. நாம் முன்பின் அறியாத மூன்றாவது நிறுவனம் ஒன்று.

சர்வீஸ் பற்றிய விதியைக் கண்டதும் நமக்குப் பழைய நினைவு ஒன்று வந்தது. பல ஆண்டுகளுக்கு முன் நாமும் இத்தகைய தாள் ஒன்றை நம்பி ஒரு பழைய ஜீப் வாங்கினோம். டைனமோ பழுதானபோது தாளோடு சென்றோம். "உள்ளூர் மெக்கானிக்கிடம் ஆயில் மாற்றியிருக்கிறீர்களே!" என்று கூறித் திருப்பி அனுப்பினர். குற்றம் அவர்களுடையது மட்டுமன்று. படிக்காமல் கையெழுத்திட்டது நாம்.

தண்ணீர் பற்றிய விதியோ நம் தாமிரபரணிக் கரையார்க்குச் சிறப்பாக உரியது. 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் பெய்த பெருமழையை எவரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பெய்தது. நெல்லையிலும் தூத்துக்குடியிலும் வீடுகளோடு வண்டிகளும் மூழ்கின. அதே மாதத் தொடக்கத்தில் சென்னையிலும் அவ்வாறே நேர்ந்தது. தண்ணீரில் நின்ற காரைக் கழுவித் துடைத்தால் புதியது போல் மின்னும். உள்ளே வயர் இணைப்புகள் மெல்ல மெல்லக் களிம்பேறும். ஆகவே சீட் பெல்டை முழுவதும் வெளியே இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருக்கிறதா? தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். துருவோ பூஞ்சை வாடையோ உண்டா? இன்சூரன்ஸில் இழப்பீடு பெற்ற வண்டியா என்றும் கேளுங்கள். இச்சோதனைக்குச் செலவு ஒன்றுமில்லை.

பின்னர்க் கணக்கிற்கு வந்தோம். அவர்களுக்குத் தெரிந்த மெக்கானிக் கூறியபடி, அத்தகைய வண்டியில் அடிக்கடி வரும் செலவுகள் ஐந்தாயிரம், எட்டாயிரம், பத்தாயிரம் என்ற அளவில் இருக்கும். அவற்றுள் பெரும்பாலானவை விலக்குப் பட்டியலில் இருந்தன. என்ஜினைப் பிரித்துச் செய்தால் அறுபதாயிரம் வரை ஆகலாம். அது வாரண்டியில் அடங்கும். ஆக, 18,000 ரூபாய் வாங்கித் தருவது அந்த ஒரு பேரடிக்கான காப்பு மட்டுமே. வாரண்டி விற்கும் நிறுவனம் தன் செலவையும் முகவர் கமிஷனையும் இலாபத்தையும் கூட்டித்தான் விலை வைக்கும். எனவே வாங்குவோருள் பலர் கொடுத்ததைவிடக் குறைவாகவே திரும்பப் பெறுவர். ஆயினும் ஒரே நாளில் அறுபதாயிரம் செலவு வந்தால் அடியோடு சாய்ந்துவிடும் குடும்பத்திற்கு அக்காப்பு பொருளற்றதன்று. இதை அவர்களிடம் மறைக்காமல் கூறினோம்.

அப்போது கணவர் மெல்லக் கேட்டார்: "வண்டி பணிமனையில் பத்து நாள் கிடந்தால், அம்மாவை எதில் கூட்டிப்போவது?"

வாரண்டி பழுதைப் பார்க்கும். செவ்வாய்க்கிழமை டயாலிசிஸுக்கு வாடகைக் கார் பிடித்துத் தராது. கையில் உள்ள பணமோ இரண்டிற்கும் உதவும். இதைச் சொன்ன பிறகு அவர்கள் முகத்தில் தெளிவு பிறந்ததைக் கண்டோம்.

மறுநாள் அவர்கள் விற்பவரிடம் ஒன்றே கேட்டனர்: "வாரண்டி வேண்டாம், என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஆறு மாதம் நீங்களே பொறுப்பு என்று பில்லில் எழுதித் தாருங்கள்." அவர் மறுத்துவிட்டார். அம்மறுப்பே போதிய விடையாயிற்று. மூன்று வாரம் கழித்து, வீரவநல்லூரில் ஒருவர் சர்வீஸ் ரசீதுகளோடு வைத்திருந்த காரை, மெக்கானிக்கைக் கொண்டு காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே இயக்கிப் பார்த்து வாங்கினர். 18,000 ரூபாய் தபால் நிலையச் சேமிப்புக் கணக்கில் போடப்பட்டது. ஏழாம் மாதம் ஆல்டர்னேட்டர் பழுதாகி 7,000 ரூபாயும், இருமுறை வாடகைக் காரும் செலவாயின. மீதி கணக்கில் இருக்கிறது. என்ஜினே போயிருந்தால் அத்தொகை போதாது. அந்த இடரை அறிந்தே அவர்கள் ஏற்றனர்.

எல்லார்க்கும் இதே விடை என்று நாம் கூறவில்லை. வண்டி மூன்று நான்கு ஆண்டே ஆனதாக, தானியங்கி கியரும் மின்னணுக் கருவிகளும் மிகுந்ததாக இருந்து, கார் நிறுவனமே வாரண்டி தருமாயின், வாங்குவது தக்கதாக இருக்கலாம். முதல் உரிமையாளர் முன்பே அத்தகைய வாரண்டி எடுத்திருந்தால், பல நிறுவனங்களில் அதை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம், கேட்டுப் பெறுங்கள். அவ்வாறே ஆர்.சி. புத்தகத்தையும் உடனே பெயர் மாற்றுங்கள். பதிவில் யார் பெயர் உள்ளதோ அவரே விபத்து இழப்பீட்டிற்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்துள்ளது.

வாரண்டி வாங்கிய பின் நியாயமின்றி மறுக்கப்பட்டவர்களும் வாளாவிருக்க வேண்டா. 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, இரண்டு ஆண்டிற்குள் நெல்லை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்திற்குள் இருந்தால் கட்டணமில்லை. வழக்கறிஞர் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. முதலில் 1915 என்னும் எண்ணில் தொலைபேசி வழியே ஆலோசனை பெறலாம். ஆனால் தனி ஒருவரிடம் வாங்கிய காருக்கு இச்சட்டம் துணை வராது. அங்கே முன்சோதனை ஒன்றே காவல்.

இறுதியாக ஒன்று. "நாளைக் காலைக்குள் சொல்லுங்கள்" என்று எவரேனும் அவசரப்படுத்தினால், அத்தாளை வீட்டிற்கு எடுத்து வாருங்கள். பின்பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து படியுங்கள். நாம் கண்டவரையில், நல்ல கேள்வி பெரும்பாலும் பணத்தை எண்ணிக் கொடுப்பவரிடமிருந்து வருவதில்லை. அதைச் சிறுகச் சிறுகச் சேர்த்தவரிடமிருந்தே வருகிறது.