மொழிக்கூறும் நூலகமும்: புதுமை பற்றிய இரு மயக்கங்கள்

பொருள்நோக்குச் செய்நிரலாக்கத்தைப் பயில்வோரிடையே இன்று இரு சாரார் உளர். ஒரு சாரார், மொழியொன்றிற் புதிதாகப் புகும் ஒவ்வொரு கூறினையும் வளர்ச்சியெனக் கொண்டாடுவர். மறு சாரார், வகுப்பு, மரபுரிமை, இடைமுகம் ஆகிய அடிப்படைகளே போதும். ஏனையவை வெறும் அலங்காரம் என்பர். 2018 முதல் ஜாவா மொழி ஆறு மாதங்களுக்கொரு முறை புதிய பதிப்பாக வெளிவருவதால், முன்னவரின் கொண்டாட்டமும் பின்னவரின் சலிப்பும் ஓய்ந்தபாடில்லை. இவ்விரு சாராரும் ஒரே தவறினையே செய்கின்றனர் என்பது எமது வாதம். ஒரு கூறு எக்குறையை நீக்க எழுந்தது, எக்குறையை எஞ்சவிட்டது என்னும் வினாவை இருவருமே எழுப்புவதில்லை.

வழக்கு முந்தியது, இலக்கணம் பிந்தியது என்பதைத் தமிழ் மாணவருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. செய்நிரலாக்க மொழிகளிலும் பெரும்பாலும் இதுவே நடைபெறுகின்றது. மொழி தராதவற்றை அதனைப் பயன்படுத்துவோர் சிறு சிறு வகுப்புகளாக எழுதித் தொகுக்கின்றனர். அத்தொகுதியே பயன்பாட்டு நூலகம். அது மொழியின் மீது எழுதப்பட்ட விமரிசனமுமாகும்.

திகதியை எடுத்துக்கொள்வோம். 1996இல் வெளிவந்த ஜாவாவின் முதற் பதிப்பிலிருந்த திகதி வகுப்பில் நாள்கள் ஒன்றிலிருந்தும், மாதங்கள் பூச்சியத்திலிருந்தும், ஆண்டுகள் 1900இலிருந்தும் எண்ணப்பட்டன. 1996 ஜனவரி 1ஆம் திகதியை 96, 0, 1 என எழுத வேண்டியிருந்தது. மேலும், ஒருவர் பிறிதொரு செய்நிரற் பகுதிக்குக் கொடுத்த திகதிப் பொருளை அப்பகுதி அவரறியாமலே மாற்றிவிடவும் கூடும். இக்குறைகளுக்கு மாற்றாக ஸ்ரீபன் கோல்போர்ன் ஜோடா ரைம் என்னும் நூலகத்தை ஆக்கினார். அந்த அனுபவத்தின் பயனாக, அவரும் பங்குகொண்ட முயற்சியினால், 2014இல் ஜாவாவின் எட்டாம் பதிப்பிற் புதிய காலத்தொகுதி இடம்பெற்றது. ஆயினும் ஜோடா அவ்வாறே பெயர்த்து வைக்கப்படவில்லை. காலம் தரப்படாத இடத்தை ‘இப்பொழுது’ எனப் பொருள்கொண்ட அதன் வழக்கம் போன்றவை களையப்பட்டன. புதிய தொகுதியின் வகுப்புப் பெயர்களை மட்டும் மனனஞ் செய்யும் மாணவன் இவ்வரலாற்றை இழக்கின்றான். அதனுடன் அறிவையும் இழக்கின்றான்.

இனி, வெறுமையைச் சுட்டும் ‘நல்’ என்பதை நோக்குவோம். 1965இல் இதனை அறிமுகஞ் செய்த ரொனி ஹோர், 2009இல் அதனைத் தமது நூறு கோடி டொலர்த் தவறு என்றே குறிப்பிட்டார். 2011இல் கூகிளின் குவாவா நூலகமும், 2014இல் ஜாவாவும், விடை இல்லாமலும் போகலாம் என்பதை வெளிப்படையாக உணர்த்தும் ‘ஒப்ஷனல்’ வகுப்பைத் தந்தன. இதனால் ‘நல்’ ஒழிந்ததா? இல்லை. ஒப்ஷனல் இருக்கவேண்டிய இடத்திலேயே ‘நல்’ வந்தமர ஜாவா இடந்தருகின்றது. 2016இல் முதற் பதிப்பாக வெளிவந்த கொட்லின் மொழியோ, வெறுமையாகக்கூடிய வகையினையும் ஆகாத வகையினையும் வேறுபடுத்தி, தன் தொகுப்பியையே காவலுக்கு நிறுத்தியது. நூலகம் வேண்டுகோள் விடுக்கும், மொழியோ கட்டளையிடும். அடிப்படைகளே போதும் என்போர் இவ்வேறுபாட்டுக்கு என்ன விடை கூறுவர்?

அவர்களின் ஐயத்திலும் ஓர் உண்மை உண்டு. 2021இல் ஜாவாவின் பதினாறாம் பதிப்பில் நிலைபெற்ற ‘ரெக்கோட்’ என்னும் கூறு, பல வரிகளில் எழுதவேண்டிய தரவு வகுப்பினை ஒரே வரிக்குச் சுருக்கியது. அது மாற்றமுடியாதது எனப் பலரும் ஒப்புவிக்கின்றனர். ஆனால் அதனுள் ஒரு பட்டியல் இருப்பின், அப்பட்டியலின் உள்ளடக்கம் மாறக்கூடியதே. பெயரைக் கற்றவனுக்கு இது தெரியாது. பொருளைக் கற்றவனுக்கே தெரியும்.

இவை வெறும் நயங்கள் அல்ல. 2021 டிசெம்பரில் லொக்4ஜே என்னும் ஜாவா நூலகத்திற் கண்டறியப்பட்ட பழுது உலகெங்கும் கணனித் துறையினரை உலுக்கியது. நிகழ்வுகளைப் பதிவுசெய்வதே அந்நூலகத்தின் வேலை. ஆனால் பதியவேண்டிய வாசகத்திற் குறித்த வடிவிலான தொடர் ஒன்று வரின், அதனைக் கட்டளையாகக் கொண்டு வெளியிலுள்ள கணனியொன்றைத் தொடர்புகொள்ளும் வசதி 2013இலேயே அதிற் சேர்க்கப்பட்டிருந்தது. அவ்வழியாக அந்நியர் தமது செய்நிரலை அங்கு இயக்க முடிந்தது. பதிவேடு எழுதவென அமர்த்தியவனிடம் வீட்டுத் திறப்பும் இருந்தது. வீட்டுக்காரர் பலர் அதனை அறியவில்லை. தாம் அந்நூலகத்தைப் பயன்படுத்துவதையே அறியாதோரும் இருந்தனர். அவர்கள் எடுத்துக்கொண்ட வேறு நூலகங்கள் அதனை உடன்கொண்டு வந்திருந்தன.

எல்லா நூலகங்களையும் வரிவரியாக வாசித்தல் இயலுமா என்று கேட்கலாம். இயலாதுதான். எல்லாவற்றையும் நாமே எழுதுதலும் பேதைமை. நமது கைப்பழுது பிறர் பழுதிலும் குறைந்ததென்று யார் சொன்னார்? ஆயினும், ஒன்றை ஏற்குமுன் இது எக்குறைக்கு மருந்து, எதனை எஞ்சவிடுகின்றது, வேண்டாத எந்த வாயிலைத் திறக்கின்றது என மூன்று வினாக்கள் கேட்பது இயலும்.

எமது பரீட்சைத் தாள்கள் ‘புதிய கூறுகளை விபரிக்குக’ எனக் கேட்கும்வரை, மாணவர் பட்டியல்களையே ஒப்புவிப்பர். ‘இக்கூறு இல்லாத காலத்தில் எப்பிழை நேர்ந்தது? இன்றும் எப்பிழை நேரலாம்?’ எனக் கேட்கட்டும். ஆறு மாதத்தில் அடுத்த பதிப்பு வரும், பட்டியல் பழசாகும். இவ்வினாக்களைக் கேட்கப் பழகியவனோ எப்பதிப்பையும் அஞ்சான். எதற்கும் அடிமையாகவும் மாட்டான்.