காலி டாங்கி, ஜாக்கிரதை!

புதுப்பேட்டை தெரியாத லாரிக்காரர் உண்டா? ஓடி ஓய்ந்த வண்டியின் கதவு, கண்ணாடி, கியர் பெட்டி எல்லாம் சென்னையின் அந்தப் பேட்டையில் விலைக்குக் கிடைக்கும். மற்ற ஊர்களிலும் காயலான் கடைகளுக்குக் குறைவில்லை.

இப்போது அவர்களுக்கு வேலை கூடியிருக்கிறது. பழைய வண்டிகளை உடைக்க மத்திய அரசாங்கம் 2021 செப்டம்பரில் விதிகள் கொண்டு வந்தது. 15 வயது தாண்டிய அரசு வண்டிகளின் பதிவைப் புதுப்பிப்பது 2023 ஏப்ரல் 1 முதல் நின்றது. பஸ்களும் லாரிகளும் உடைப்புக்கு வருகின்றன.

வரட்டும். ஒரு லாரியில் பல டன் இரும்பு இருக்கிறது. அதை உருக்கினால் மறுபடி கம்பி ஆகும். ஆனால் உடைக்கிறவர் உயிரோடு வீடு திரும்ப வேண்டாமா?

டீசல் டாங்கியைப் பாருங்கள். நிறைந்த டாங்கியைவிடக் காலி டாங்கிதான் பொல்லாதது! அடியில் கொஞ்சம் டீசல் ஒட்டிக்கொண்டிருக்கும். கேஸ் கட்டரின் சூடு பட்டதும் அது ஆவியாகும். உள்ளே இருக்கும் காற்றோடு அந்த ஆவி கலக்கும். ஒரு பொறி போதும், டமார்! "காலிதானே" என்று நெருப்பை வைக்கிறவர்தான் மாட்டிக்கொள்கிறார்.

பின்சக்கரத்தின் அருகே உருண்டையாக ஒரு பிரேக் பெட்டி இருக்கும். அதற்குள் வலுவான ஸ்பிரிங் ஒன்று நசுங்கிக் கிடக்கிறது. அதைப் போல்ட் போட்டுப் பிணைக்காமல் பெட்டியைப் பிரித்தால், மூடி குண்டு போலப் பாயும். எதிரே தலை இருந்தால் அவ்வளவுதான். டயரும் அப்படியே. காற்றை இறக்காமல் சக்கரத்தில் நெருப்புக் காட்டக் கூடாது.

பதிவு பெற்ற கூடத்தில் முதலில் டீசல், எண்ணெய், பாட்டரி எல்லாவற்றையும் எடுத்த பிறகே வெட்ட வேண்டும். இதற்கு நேரம் ஆகும், செலவும் ஆகும். திறந்த வெளியில் வெட்டுகிறவருக்கு அந்தச் செலவு இல்லை. அதனால் அவர் கூடுதல் விலை தர முடிகிறது. அந்தக் கூடுதல் காசு கட்டர் பிடிக்கும் கூலிக்காரரின் உயிரைப் பணயம் வைத்து வருகிறது. கூடங்களுக்கு விதி போட்டால் மட்டும் போதாது. இந்தக் கூலிக்காரர்களுக்கும் அரசாங்கம் பயிற்சி தர வேண்டும்.

லாரி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பதிவு பெற்ற கூடத்தில் வண்டியை ஒப்படைத்தால் சான்றிதழ் தருவார்கள். அதைக் காட்டினால் புது வண்டிக்குப் பதிவுக் கட்டணம் இல்லை. சான்றிதழ் வாங்காமல் விற்றால், உடைந்த வண்டி உங்கள் பெயரிலேயே பதிவேட்டில் உயிரோடு இருக்கும். அந்த நம்பரை மாட்டிக்கொண்டு வேறொரு வண்டி ஓடினால், போலீஸ் வந்து தட்டுவது உங்கள் கதவைத்தான்!