இரண்டரை அடி

ஹோம் தியேட்டருக்கு அளவெடுக்கப் போகிற வீட்டில் காபி வருவதற்கு முன்பே இந்தக் கேள்வி வந்துவிடும்: “சார், இதைப் பாட்டுக்கு செட் பண்ணுவீங்களா, படத்துக்கா?” நம்மில் பலர் ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டு விலைப்பட்டியலைத் திறந்துவிடுகிறோம். இரண்டையும் பிரித்துப் பார்ப்பதே தவறு என்பது எங்கள் கட்சி.

ஸ்டீரியோவே சினிமாவை மனத்தில் வைத்துப் பிறந்ததுதான். லண்டனில் ஈ.எம்.ஐ. பொறியாளர் ஆலன் புளூம்லைன் 1931 டிசம்பரில் கொடுத்த காப்புரிமை விண்ணப்பத்தில் பேசும்படமும் இருக்கிறது: திரையில் ஆள் எங்கே தெரிகிறாரோ அங்கிருந்தே குரல் வர வேண்டும் என்பது அவர் கவலை. நம் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ வெளியாகி அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

நமக்கு அடிக்கடி வாய்க்கும் ஹாலையே எடுத்துக்கொள்வோம். 16 அடி அகலம், 12 அடி ஆழம். அகலச் சுவரில் டிவி, எதிர்ச்சுவரை ஒட்டி சோபா. 12 அடி ஆழத்தில் 47 ஹெர்ட்ஸ் அலையின் பாதி கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும். சுவரோரம் அதற்கு உச்சம். 6 அடியில், நட்ட நடுவில், அது காணாமலே போகும். சுவரோடு சாய்ந்திருப்பவருக்குப் பேஸ் கிட்டாரும் வெடிச்சத்தமும் ஒரே ‘கும்’தான். படத்துக்கும் இதே சோபாதான் வில்லன். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பிஎஸ்.775 பரிந்துரைப்படி சரவுண்ட் ஸ்பீக்கர்கள் 100 முதல் 120 டிகிரிக்குள், காதுக்குச் சற்றுப் பின்னால் இருக்க வேண்டும். தலை சுவரில் முட்டினால் பின்னால் ஏது இடம்?

கேட்பவரின் தலை சுவரிலிருந்து இரண்டரை அடி தள்ளியிருக்கும்படி சோபாவை இழுங்கள். 47 ஹெர்ட்ஸ் வீக்கம் ஓரளவு வடியும். பக்கச்சுவர்களில் பின்மூலையை ஒட்டி சரவுண்டை மாட்டினால் ஏறக்குறைய 105 டிகிரி கிடைக்கும். முன் ஸ்பீக்கர்கள் டிவி சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னே, 9 அடி இடைவெளியில் நின்றால், சோபாவிலிருந்து அவற்றுக்கிடையே கோணம் கிட்டத்தட்ட 60 டிகிரி. பாட்டுக்கும் படத்துக்கும் அதே கோணம் போதும்.

“ரிசீவரோடு வருகிற மைக் பார்த்துக்கொள்ளும்” என்று தப்பிக்க வேண்டாம். தூரத்தையும் சத்த அளவையும் அது சரிசெய்யும். அறை விழுங்கிய ஒலியை அதனால் கக்கவைக்க முடியாது. ஓர் இடத்தில் 10 டெசிபல் ஏற்றினால் ஆம்ப்ளிஃபயரிடம் 10 மடங்கு பவர் கேட்கிறோம். அதையும் அறையே விழுங்கிவிடும்.

ஆகவே முதலில் இருக்கை. அடுத்து சென்டரை அணைத்துவிட்டு, முன் ஸ்பீக்கர்கள் இரண்டில் மட்டும் பழகிய பாட்டு ஒன்று. பாடகரின் குரல் நடுவில் ஊசிமுனையாக நிற்கும்வரை நகர்த்துங்கள். சென்டர், சரவுண்ட் அதற்குப் பிறகு. கடைசியில் சப்வூஃபரைச் சோபாமேலேயே வைத்து ஒலிக்கவிட்டு, சுவரோரம் தவழ்ந்துபோய்க் கேளுங்கள். பேஸ் சீராகக் கேட்கிற இடமே அதற்கான இடம்.

வீட்டுக்காரர் சம்மதிப்பாரா? ஒரு வீட்டில், “ஹால் நடுவுல சோபாவா? நடக்காது சார்” என்றார் வீட்டுக்கார அம்மா. ஒரே ஒரு பாட்டுக்கு மட்டும் இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். பாட்டு முடிந்ததும் அந்த அம்மா எழுந்து என்னிடம் டேப்பை வாங்கினார். சோபாவுக்குப் பின்னால் புத்தக அலமாரி கொள்ளுமா என்று அளந்துகொண்டிருந்தார்.