குஞ்சோட இருக்கிற விராலைத் தொடாதீங்க

போன ஐப்பசியில் நடந்தது. மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வயலுக்கு மேலுரம் போட்டுட்டு வரப்புல வந்துக்கிட்டிருக்கேன். வாய்க்கால் மதகுக்குப் பக்கத்துல ஒரு கார் நிக்குது. ரெண்டு தம்பிங்க. கையில ராட், ரீல், முதுகுல பை, தலையில தொப்பி. சென்னையில இருந்து ராத்திரியே கிளம்பி வந்திருக்காங்க. ஒருத்தர் போனை வெச்சுப் படம் பிடிக்கிறார், இன்னொருத்தர் ரப்பர் தவளையைக் கட்டி வீசுறார்.

வீசுற இடத்தைப் பார்த்ததும் எனக்குத் திக்குன்னுச்சு. தண்ணி மேல ஒரு முறம் அகலத்துக்குப் பொடிப்பொடியா கொப்பளிச்சுக்கிட்டிருக்கு. தூறல் விழுற மாதிரியே இருக்கும், ஆனா வானத்துல தூறல் இல்லை. உத்துப் பார்த்தா செக்கச்செவேல்னு விரால் குஞ்சுங்க, நூத்துக்கணக்குல.

"தம்பி, அது குஞ்சோட இருக்குப்பா, விட்டுருங்க"ன்னேன்.

"தெரியும்ணா. அதனாலதான் கண்டிப்பா அடிக்கும்"னார் தம்பி.

மூணாவது வீச்சுல அடிச்சுது. ரெண்டு கிலோவுக்குக் குறையாது. எடை பார்த்தாங்க, ஆளுக்கு ஒரு படம், அப்புறம் ஒரு வீடியோ. கார் நின்ன பக்கமே மதகுக்கு அந்தாண்ட தண்ணியில விட்டாங்க. "பாருங்கண்ணா, விட்டுட்டோம். நாங்க கொல்ல மாட்டோம்"னு பெருமையா வேற சொன்னாங்க. சாயங்காலம் நான் திரும்ப வந்தப்ப அந்த முறம் அகலம் உள்ளங்கை அகலமாயிருந்துச்சு. பக்கத்துக் கொம்புல ரெண்டு நீர்க்காகம் றெக்கையை விரிச்சுக் காய வெச்சுக்கிட்டிருந்துச்சு. மறுநாள் ஒண்ணுமே இல்லை.

அன்னைக்கு நான் சண்டை போடலை. விருந்தாளி மாதிரி வந்த பிள்ளைங்க, அண்ணா அண்ணான்னு கூப்பிட்டாங்க. ஆனா அதுக்கப்புறம் அதே ஐப்பசி, கார்த்திகையில இன்னும் நாலஞ்சு கார் வந்து போச்சு. அதனால சொல்லவேண்டியதை இங்கே எழுதிடுறேன். படிக்கிறவங்கள்ல பாதிப் பேர் பட்டணத்துக்காரங்கதானே.

எங்க ஊர் திருத்துறைப்பூண்டிக்கும் முத்துப்பேட்டைக்கும் நடுவுல, காவிரியோட கடைமடை. பாமணியாறு, கோரையாறு எல்லாம் எங்களைத் தாண்டித்தான் முத்துப்பேட்டை அலையாத்திக்காட்டுக்கும் கடலுக்கும் போகுது. இங்க தண்ணிக்கு ஒரு வருஷக் கணக்கு உண்டு. சித்திரை, வைகாசியில ஆறு வத்திக் கிடக்கும், கடல் பக்கமிருந்து உப்புத்தண்ணி மேல ஏறும். மேட்டூரைத் திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. தண்ணி எங்க சட்ரஸுக்கு வந்து சேர ஆடி ஆயிடும். ஐப்பசியில வடகிழக்குப் பருவமழை பிடிச்சதும் வாய்க்கால், வயல், குளம், ஆறு எல்லாம் ஒரே தண்ணி. கலங்கல் தண்ணிதான், ஆனா மீனுக்கு அதுதான் கல்யாண மாசம். கெண்டை, கெளுத்தி, விரால், குறவை எல்லாம் புதுத்தண்ணியை எதுத்து ஏறும். வரப்பை வெட்டிவிட்டா வயலுக்குள்ளயே மீன் துள்ளும். தையில தண்ணி தெளியும், அறுப்பு நடக்கும். மாசி, பங்குனியில குளம் வத்த ஆரம்பிச்சதும் ஊர் கூடி மீன் பிடிக்கும்.

இதை ஏன் விலாவாரியாச் சொல்றேன்னா, 'சீசன்'ங்கிற ஒரே வார்த்தையை நீங்களும் நாங்களும் வேற வேற அர்த்தத்துல புழங்குறோம். யூடியூப்ல 'விரால் சீசன் தொடங்கிடுச்சு'ன்னு போடுறாங்க இல்லையா, அது குஞ்சு பொரிக்கிற சீசன். மீன் நல்லா அடிக்குதுன்னு நீங்க சந்தோஷப்படுறது அதுக்குப் பசின்னு நினைச்சு. குஞ்சோட இருக்கிற விரால் பசிக்காக அடிக்கிறதில்லை. தவளை குஞ்சைத் தின்ன வருதுன்னு நினைச்சு அடிக்குது. பிள்ளையைத் தூக்க வந்தவன் மேல பாயுற மாதிரி.

விராலைப் பத்தித் தெரியாதவங்களுக்கு: செடிகொடியை ஒதுக்கிக் கூடு மாதிரி இடம் பண்ணி முட்டை போடும். முட்டை தண்ணி மேல மிதக்கும். ஒண்ணு ரெண்டு நாள்ல பொரிஞ்சிடும். அப்புறம் வாரக்கணக்குல அந்தக் குஞ்சுக் கூட்டத்துக்குக் கீழயே ஒரு பெரிய மீன் காவல் இருக்கும். பெரும்பாலும் தகப்பன்தான்னு மீன்வளம் படிச்சவங்க சொல்றாங்க. விரால் வாயால காத்து குடிக்கிற மீன், மேல வந்து ஒரு வாய் காத்து இழுத்துட்டுத்தான் போகணும். அதனால ஒளிஞ்சுக்கவும் முடியாது. குஞ்சு கொப்பளிக்கிற இடத்தைக் காட்டிக் கொடுக்குது, பெரிசு மூச்சு விடுற இடத்தைக் காட்டிக் கொடுக்குது. அதைப் பிடிக்கப் பெரிய திறமை ஒண்ணும் வேண்டாம். அஞ்சாறாயிரம் ரூபா ராட் எதுக்கு, எங்க ஊர்ப் பொடியன் மூங்கில் குச்சியில கட்டின கொக்கியாலயே பிடிச்சிடுவான். பிடிக்கிறதில்லை, அவ்வளவுதான்.

ஏன்னா எங்க அப்பா காலத்துல அது ஒரு கட்டுப்பாடு. குஞ்சோட இருக்கிறதை அடிக்கக்கூடாது. நானே பன்னெண்டு வயசுல ஒண்ணைக் குத்திக் கொண்டுபோய் வீட்டுல காட்டினேன். அப்பா முதுகுல ஒண்ணு வெச்சார். அம்மா குழம்பும் வெச்சாங்க, அதையும் மறைக்கலை. ஆனா மறுபடி குத்தலை.

'பிடிச்சாலும் விட்டுடுறோமே'ங்கிறது உங்க பெரிய பதில். பிடிச்சு விடுறதை நான் கிண்டல் பண்ணலை. நல்ல பழக்கம். குளத்துல கிடக்கிற சாதாரண மீனுக்கு அது சரி. குஞ்சு காக்கிற மீனுக்குச் சரிப்படாது. நீங்க இழுத்துக் கரையில போட்டு, கொக்கியைக் கழட்டி, எடை பார்த்துப் படம் எடுத்து விடுற நேரத்துல காவல் இல்லாத வீடு அது. குறவை, கெளுத்தி, நீர்க்காகம், கொக்கு எல்லாம் வரிசையில நிக்குது. நீங்க ஒரு மீனை விட்டதாக் கணக்கு எழுதுறீங்க. நான் கொப்பளிச்ச இடத்தைப் பார்த்துக் கணக்கு எழுதுறேன்.

இதே கதை கடல் பக்கமும் இருக்கு. மழைக்காலத்துல முகத்துவாரத்துக்குக் கொடுவாய் பிடிக்க வர்றவங்க அமாவாசை, பௌர்ணமி பார்த்து வர்றாங்க. நம்ம பக்கம் ஏத்தவத்தம் ஒரு மீட்டருக்குள்ளதான், அதுலயும் அமாவாசை பௌர்ணமிக்குத்தான் தண்ணி நல்லா ஏறி இறங்கும். சரியான கணக்குத்தான். ஆனா கொடுவாயும் அதே காலண்டரைத்தான் பார்க்குது. ஆத்துத்தண்ணியில வளர்ந்தது முட்டை போட முகத்துவாரத்துக்கு இறங்குறதும் அந்த நாளை ஒட்டித்தான். பொரிஞ்ச குஞ்சு ஏத்தத் தண்ணியோட அலையாத்திக்குள்ள ஏறி வளரணும்.

இன்னொண்ணு, கொடுவாய் பெரும்பாலும் ஆணாப் பிறந்து, சில வருஷம் கழிச்சு ஆறேழு கிலோவைத் தொடுற சமயத்துல பெண்ணா மாறுற மீன். அப்ப நீங்க நெஞ்சோட அணைச்சுப் படம் எடுக்குற பத்து கிலோ மீன் யாரு? அநேகமா தாய். லட்சக்கணக்குல முட்டை போடக்கூடிய தாய். சின்னதை விட்டுட்டுப் பெரிசை எடுத்துக்கிறோம்னு நியாயம் பேசுறவங்க இதைக் கொஞ்சம் யோசிக்கணும். 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சு அலையாத்திக்காடு சாய்ஞ்சு கிடந்ததை நாங்க கண்ணால பார்த்தவங்க. குஞ்சு வளர்ற வீடே அரைகுறையா இருக்கிறப்ப தாயையும் தூக்கினா என்ன மிஞ்சும்?

சட்டம் என்ன சொல்லுதுன்னு கேப்பீங்க. கடல்ல இருக்கு. கிழக்குக் கடற்கரையில ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகக்கூடாது. முதல்ல 45 நாளா இருந்ததை 2017-ல கூட்டினாங்க. அந்த ரெண்டு மாசமும் விசைப்படகுக் கூலிக்காரர் வீட்டுல அடுப்பு எப்படி எரியுதுன்னு நாகப்பட்டினம் பக்கம் வந்து பாருங்க. நிவாரணம் வருது, போதாது. ஆனாலும் கரையில நிக்கிறாங்க. வயித்துக்காகப் பிடிக்கிறவன் 61 நாள் சும்மா இருக்கலாம், பொழுதுபோக்குக்குப் பிடிக்கிறவன் ரெண்டு மாசம் இருக்க முடியாதா? எங்க வாய்க்காலுக்கு அப்படி நாள் குறிச்சு யாரும் வந்து தடுத்து நான் பார்த்ததில்லை. தடுக்க ஆள் இல்லைங்கிறதால அது சரின்னு ஆயிடாது.

இப்ப நீங்க திருப்பிக் கேப்பீங்க: 'உங்க ஊர்க்காரங்க மட்டும் யோக்கியமா?' இல்லை. பேட்டரியில கரண்ட் எடுத்துத் தண்ணிக்குள்ள விட்டுப் பிடிக்கிறவன் எங்க ஊர்லயே இருக்கான். அதுல பெரிசு சிறிசு முட்டை எல்லாம் போகும். வெடி போட்டும் விஷம் கலந்தும் மீன் பிடிக்கக்கூடாதுன்னு 1897-லயே வெள்ளைக்காரன் சட்டம் போட்டுட்டான், இன்னும் நடக்குது. அவ்வளவு ஏன், நானே பல வருஷம் வயலுக்குக் குருணை மருந்து போட்டவன். போட்ட மறுநாள் வடிவாய்க்கால்ல கெண்டை மல்லாந்து மிதக்கும். பார்த்துக்கிட்டே போயிருக்கேன். அதை நிறுத்தி இப்ப ஆறு வருஷம் ஆகுது. வயலுக்குள்ள விரால் குஞ்சு திரும்ப வந்தது அதுக்கப்புறம்தான். அந்தக் குஞ்சுக்குத்தான் இப்ப நான் இவ்வளவு பேசுறேன். நாங்க பண்றது தப்பு, அதை எங்க ஊர்லயே சொல்லி வாங்கிக் கட்டிக்கிட்டிருக்கேன். அது நீங்க பண்றதுக்கு அனுமதிச் சீட்டு கிடையாது.

சம்பந்தப்பட்டதால இதையும் சொல்லிடுறேன். அறுந்த நைலான் நரம்பையும் கொக்கியையும் அங்கயே போட்டுட்டுப் போறீங்க. களை எடுக்க வந்த ஒரு அக்காவுக்குப் பாதத்துல மூணுமுனைக் கொக்கி ஏறி ஆசுபத்திரிக்குத் தூக்கிக்கிட்டுப் போனோம். அவங்களுக்கு ஒரு வாரக் கூலி போச்சு. அது உங்க வீடியோவுல வராது.

வராதீங்கன்னு சொல்ல நான் யாரு? தண்ணி எல்லாருக்கும் பொது. தூண்டில் போட்டுக்கிட்டு ஒரு மணி நேரம் சும்மா உக்கார்ற சுகம் எனக்கும் தெரியும். வர்ற காலத்தை மாத்துங்க, அவ்வளவுதான்.

ஐப்பசியில இருந்து மார்கழி முடிய விராலை விட்டுடுங்க. அந்த மூணு மாசம்னு இல்லை, எந்த மாசமா இருந்தாலும் செவப்பாக் கொப்பளிக்கிற இடத்தைக் கண்டா ராடை மடக்கிட்டு நகர்ந்துடுங்க. அந்த இடத்தைப் படம் பிடிச்சு ஊர் பேரோட போடவும் போடாதீங்க. பெரிய கொடுவாய் மாட்டினா தண்ணியை விட்டுத் தூக்காம பக்கத்துலயே வெச்சுக் கொக்கியைக் கழட்டுங்க. கொக்கியோட எதிர்முள்ளை நசுக்கிட்டு வந்தா கழட்டுறது சுலபம். சித்திரை வெயில்ல பிடிச்சு விடுற விளையாட்டு வேண்டாம். சுடுதண்ணியில காத்து கம்மி, போராடிக் களைச்ச மீன் நீங்க போனப்புறம் செத்து மிதக்கும்.

கை அரிச்சா ஜிலேபி இருக்கு. ஆப்பிரிக்கக் கெளுத்தி இருக்கு, வளர்க்கவே தடை போட்ட மீன், எப்படியோ வாய்க்காலுக்குள்ள வந்து எங்க மீனோட குஞ்சையெல்லாம் தின்னுக்கிட்டிருக்கு. அதை வருஷம் பூரா பிடிங்க. விடாதீங்க, கொண்டுபோயிடுங்க. ஊரே கும்பிடும்.

பொங்கல் கழிச்சு, அறுப்பு முடிஞ்சு தண்ணி தெளிஞ்சிருக்கும்போது வாங்க. வரப்புல கால் வைக்கிறதுக்கு முன்னாடி வயல்ல நிக்கிறவர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. எந்த மடையில எது கிடக்குதுன்னு அவரே சொல்லுவார். நான் இருந்தா டீயும் உண்டு.

அந்த ரெண்டு தம்பிங்க இதைப் படிச்சா, கோவிச்சுக்காதீங்கப்பா. அந்த மதகுக்கிட்ட இந்த ஐப்பசியிலயும் ஒரு ஜோடி கூடு கட்டியிருக்கு. தினமும் காலையில போறப்ப பார்க்கிறேன். நேத்துதான் பொரிஞ்சிருக்கு.