ஐஸ் வைத்தால் கால் ஆறிவிடுமா?



இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம் வந்தால் காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி, எங்கே போனாலும் ஒரே கதைதான். பிள்ளை தொடையைப் பிடித்துக்கொண்டு குந்தினால், "ஐஸ வைங்க, பத்து நிமிஷத்தில ஓடுவான்" என்கிறார்கள்.

ஏன் ஓடுவான்? வலி தெரியாது, அதனால் ஓடுவான். ஐஸ் அந்த இடத்தை விறைக்க வைக்கும். விறைத்த கால் ஆறிய கால் இல்லை. அதோடு ஓடவிட்டால் சின்னக் கிழிசல் பெரிதாகும்.

காயத்துக்கு ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் என்று 1978இல் எழுதிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கினே, ஐஸ் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று பிற்காலத்தில் மாற்றிச் சொல்லிவிட்டார். நாம் ஓய்வை விட்டுவிட்டு ஐஸை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

அடுத்த நாள் வரும் உளைவு வேறு. பழகாத தசைக்குத் திடீரென வேலை கொடுத்ததால் வருவது அது. இரண்டு மூன்று நாளில் தானாகக் குறையும். குளிர்ந்த நீர் அந்த வலியைக் கொஞ்சம் தணிக்கும், மறுக்கவில்லை. வீட்டில் ஓய்வாக இருக்கையில் ஐஸைத் துணியில் சுற்றி வையுங்கள்.

ஆனால் வருஷம் முழுக்க ரியூஷனில் இருத்திவிட்டு, போட்டிக்கு இரண்டு கிழமை இருக்கையில் வெயிலில் ஓடவிட்டால் நோகாமல் என்ன செய்யும்? பயிற்சியை இரண்டு மாதம் முன்னரே, கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்குங்கள். நொண்டுகிற பிள்ளையை நிறுத்துங்கள். வீங்கினால், கால் ஊன்ற முடியாவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

இல்லத்துக்கு நாலு புள்ளி குறைந்தால் குறையட்டும். பிள்ளையின் உடம்பு நம்மிடம் உள்ள அமானிதம்.