மலிவு விலை இருக்கு, கைக்கு எட்டலையே!



காய்கறி விலையைப் பற்றிப் புலம்பாத வீடு நம் ஊரில் உண்டா? இதற்கு ஒரு நல்ல வழி கால் நூற்றாண்டுக்கு முன்பே பிறந்துவிட்டது. 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் அன்றைய முதல்வர் கலைஞர் மு. கருணாநிதி முதல் உழவர் சந்தையைத் திறந்து வைத்தார். பின்னர் இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் உழவர் சந்தை வந்தது.

இங்கே தரகர் கிடையாது. அடையாள அட்டை பெற்ற விவசாயிக்குக் கடை வாடகை இல்லை, தராசும் இலவசம். தினமும் காலையில் விலையைப் பலகையில் எழுதிப் போடுகிறார்கள். மொத்த விலையைவிடச் சுமார் 20 சதவீதம் விவசாயிக்குக் கூடுதல். வெளிக்கடையைவிடச் சுமார் 15 சதவீதம் நமக்குக் குறைவு. இதுதான் கணக்கு.

கணக்கு சரிதான். ஆனால் இந்த மலிவு யாருக்குப் போய்ச் சேருகிறது? விடியற்காலையில் நேரமும், கையில் ரொக்கமும் உள்ளவர்களுக்கு! மில்லுக்கும் விசைத்தறிக்கும் ஓடுகிறவர்கள் நிலை என்ன? தறி வேலைக்குப் போகும் என் அம்மாவிடம் கேட்டேன். "காலைல சந்தைக்குப் போனா தறிக்கு யாருப்பா போறது? சனிக்கிழமை சம்பளம் வர்ற வரைக்கும் கடன் குடுக்கிற கடைதான் நமக்குச் சந்தை" என்றார். அந்தக் கடையில் வாடிய கத்தரிக்காய்க்கும் கூடுதல் விலை. ஏழைதான் அதிகம் கொடுக்கிறான். இது என்ன நியாயம்?

ரேஷனில் அரிசி 2011 முதல் விலையின்றிக் கிடைக்கிறது. வயிறு நிறைகிறது, உண்மை. ஆனால் தமிழகப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. வெறும் சோறு போதாது. கீரையும் காயும் வேண்டாமா?

சந்தையை இரவு வரை திறந்து வைத்தால் போதாதா என்று சிலர் கேட்கலாம். விடியுமுன் காய் பறித்து வந்த விவசாயி, தோட்டத்துக்குத் திரும்ப வேண்டாமா? அவர் தலையில் சுமையை ஏற்றக் கூடாது.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 2009-ல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். அரசின் உணவு உதவி பெறும் குடும்பம் விவசாயிகள் சந்தையில் ஒரு டாலர் செலவழித்தால், இன்னொரு டாலருக்குக் காய்கனி கூடுதலாக வாங்கிக்கொள்ளலாம். ஏழைக்கும் லாபம், உள்ளூர் விவசாயிக்கும் விற்பனை. நம் ரேஷன் அட்டைக்கு மாதந்தோறும் காய்கறி டோக்கன் கொடுத்து, அதை உழவர் சந்தையில் செல்லுபடியாக்கினால் என்ன? கடன் கடையை நம்பும் நிலை கொஞ்சமாவது குறையுமே!

அரசு செய்யும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. தெருவுக்கு ஐந்து வீடு சேருவோம். சம்பள நாளில் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு வைப்போம். கல்லூரிக்குக் கிளம்புமுன் நம்மில் ஒருவர், முறை வைத்து, ஐந்து பைகளோடு சந்தைக்குப் போய் வருவோம். சைக்கிள் இருக்கிறது, கணக்கும் தெரியும். படித்த படிப்பு முதலில் நம் வீட்டு அடுப்படிக்குப் பயன்படட்டுமே!

சிந்திப்போம்! செயல்படுவோம்!